மூன்றாவது அறை

— மறுபடியும் மூணாவது பாயிண்டைத் தாண்டிட்ட, பண்டிதை. ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு போற. ரிவர்ஸ் எடு.

— தாண்டலண்ணா. வேகமாச் சொன்னேன், உனக்குக் கேக்கல.

— இருபது வருஷமா டிரைவிங் சொல்லித் தரேன். சிக்னலைத் தாண்டினவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. பதினோரு மணிக்கு உன்னை பிஎச்.டி. வைவாவுக்குக் கூப்பிடுவாங்க. காரை விட்டு இறங்கறதுக்குள்ள நாலும் வரிசையா வரணும்.

— வரும். அஞ்சு வருஷம் இந்த ஒரே இத்தாலியப் பாட்டோட குடித்தனம் நடத்தியிருக்கேன். உள்ள உட்கார்ந்திருக்கற நாலு பேருக்கெல்லாம் அசரமாட்டேன். என்னை மடக்கணும்னா அதை எழுதின கவிஞரே கல்லறையிலேர்ந்து எழுந்து வரணும்.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஒரு துண்டுச் சீட்டாவது வச்சுக்கயேன்.

— ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு சீட்டைப் பார்த்துப் படிச்சா சிரிக்க மாட்டாங்களா? அந்தக் காலத்து ஆளுங்க சொல்ல வேண்டியதை, நல்லாத் தெரிஞ்ச வீடு ஒண்ணுல அறைக்கு ஒண்ணா மனசாலயே வச்சுடுவாங்க. பேசும்போது வாசல்லேர்ந்து நடந்து போய் ஒவ்வொண்ணா எடுத்துப்பாங்க. நானும் அதேதான்.

— அதுக்கு நம்ம பழைய வீடுதான் கிடைச்சுதாக்கும்.

— கண்ணை மூடினா வேற எந்த வீடு தெரியுது? கேளு. வாசல்ல ஒண்ணு: இந்தப் பாட்டுல குணமெல்லாம் மனுஷங்களா நடமாடும். பொறாமை ஒரு தையல்காரி, அவசரம் செருப்பில்லாம ஓடறவன், ஞாபகம் பெரிய வீட்டுக்காரம்மா. கூடத்துல ரெண்டு: ஒரு பயணி மலையெல்லாம் ஏறி இறங்கி அந்தம்மாவைத் தேடி வரான். சமையலறையில நாலு: வீட்டுக்குள்ள ராத்திரி பூரா காத்து முனகுது, அவன் வெளியில—

— பார்த்தியா, வாத்தியார் பக்கத்து பிரேக்கை மிதிச்சுட்டேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவுல என்ன இருக்கு?

— அம்மா அறை.

— அங்க என்ன வச்ச?

— மூணாவது. பயணி வந்து சேர்றான், கதவு சாத்தியிருக்கு. தட்டறான், திறக்கல. ஞாபகம் அவனை வேண்டாம்னு தள்ளிட்டா. என் ஆராய்ச்சிக்கு முதுகெலும்பே அதுதான்.

— தள்ளிட்டான்னு பாட்டுல இருக்கா?

— கதவு சாத்தியிருந்ததுன்னு இருக்கு.

— யார் சாத்தினாங்கன்னு?

— வீடு அவளோடது. வேற யாரு சாத்துவா?

— எனக்குப் பாட்டும் தெரியாது, இத்தாலியும் தெரியாது. ஆனா இதை உள்ள ஒருத்தர் கேட்டா என்ன பண்ணுவ? அவதான் சாத்தினான்னு உனக்கு எப்படித் தோணிச்சு?

— அனுபவம்தான். எட்டு வயசுல, அம்மா சாகக் கிடந்தப்ப, ரெண்டு நாள் அந்தக் கதவு முன்னாடி ஸ்கூல் பையோட உட்கார்ந்திருந்தேன். நீ மட்டும் உள்ள போய்ப் போய் வந்த. கடைசி வரைக்கும் அம்மா என்னைப் பார்க்கணும்னு சொல்லல. போகட்டும், இப்ப அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல.

— வருத்தம் இல்லாதவ எதுக்கு ஒவ்வொரு தடவையும் அந்த அறையைத் தாண்டி ஓடற?

— அண்ணா, விடு.

— விடறதா இல்ல. இருபத்து மூணு வருஷம் விட்டாச்சு. கண்ணாடியை இறக்கு, காத்து வரட்டும். அப்ப எனக்குப் பதினேழு. அம்மா முகமெல்லாம் வீங்கி, அடையாளமே தெரியல. அம்மான்னு நினைச்சா உனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும்னு பயந்துட்டேன்.

— அம்மா என்ன சொன்னா?

— உன்னைத்தான் கேட்டா. ரெண்டு நாளும், குரல் போற வரைக்கும். கதவைச் சாத்தினது நான்.

— அவ கூப்பிட்டாளா?

— கூப்பிட்டா. வெளியில உனக்குக் கேக்காம இருக்க ஃபேனை வேகமா வச்சேன். தப்புதான், மன்னிச்சுடு. பத்தே முக்கால் ஆச்சு, திட்டறதுன்னா இப்பவே திட்டு.

— திட்டறதைச் சாயங்காலம் வச்சுக்கறேன். அழறதையும். பையை எடு.

— முதுகெலும்பை உடைச்சு வச்சுட்டேனே, உள்ள போய் என்ன சொல்லுவ?

— நாலாவதைச் சொல்லுவேன். உள்ள முனகுதுன்னு எழுதினேனே, அது காத்தில்லண்ணா. அவ அவனைக் கூப்பிட்டுட்டே இருந்திருக்கா.