குப்பை குறைந்ததற்கு முதல் பரிசு

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் மடியில் பிள்ளையின் துணிப்பையை வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

“ரீசைக்கிள் போட்டியில எங்க தாமான் குடியிருப்புக்குத்தான் முதல் பரிசு,” என்றாள். “குப்பையைக் கொளுத்தியே ஜெயிச்சிட்டோம்.”

“கொளுத்தினா எப்படிக்கா ரீசைக்கிள் ஆகும்?” என்றாள் சின்னவள்.

“வாசல் தொட்டியில குப்பை கொறஞ்சா, ரீசைக்கிள் கூடிருச்சுன்னு போட்டி நடத்துறவங்க எழுதிக்கிறாங்க. வீட்டுப் பின்னாடி யாரு வந்து பார்க்குறா? பிளாஸ்டிக், பிள்ளைங்க கட்டுற பெம்பர்ஸ், எல்லாம் தகர டின்லதான் எரியுது. தாமான் தலைவர் என் வீட்டுக்காரர்தானே. அவர் ஆரம்பிச்சாரு, மத்தவங்களும் பழகிட்டாங்க.”

“உங்க பையன் தம்பிக்கு மூச்சு இழுப்பு வந்தது இந்தப் புகையிலயா?”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வீட்டுல ஏதும் எரிக்கிறீங்களான்னு டாக்டர் நேத்து கேட்டாரு. இல்லைன்னு சொல்லிட்டேன்.”

“என்னக்கா சொல்றீங்க?”

“ஞாயித்துக்கிழமை பரிசு கொடுக்குறாங்க லா. வெளிய தெரிஞ்சா இவரு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாரு?”

“அவரு எப்படியோ நடக்கட்டும். தம்பி திரும்ப அந்த வீட்டுக்குத்தானே வரணும்?”

மூத்தவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அடுத்த ஸ்டேஷன்ல எறங்கணும். நீ வேலைக்குப் போ, லேட்டாகுது,” என்றாள் மூத்தவள்.

சின்னவளும் எழுந்துகொண்டாள். “இன்னிக்கு லீவு போட்டுக்கிறேன். நீங்க வாயைத் திறக்க வேணாம். டாக்டர்கிட்ட நான் சொல்றேன். நடங்க.”