பின்சுவரில் போன ஒயர்

எனக்கு அக்கம்பக்கத்தாரோடு சண்டை போட்டுப் பழக்கமில்லை, இன்ஸ்பெக்டர் சார். என் கணவர் வேலுமணி மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிறவர். ஈரோட்டிலிருந்து வந்து இந்த நெய்வேலி குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. எங்கள் பிளாக்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பார்வதி நல்ல மாதிரி என்பார்கள்.

அப்போது எங்களுக்கு இன்டர்நெட் கொடுத்தவர் கருணாகரன் ஒருவர்தான். படம் போட்டால் ஹீரோ வாயைத் திறப்பான். வசனம் நான் பாத்திரம் கழுவி முடித்த பிறகு வரும். போன் செய்து கேட்டேன்.

"இஷ்டம்னா வச்சிக்கினு இருங்க மேடம், இல்லன்னா எடுத்துடுங்க. இன்னொருத்தன் வந்து ஒயர் இழுக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

நுகர்வோர் ஒற்றுமை வேண்டும் என்று பிளாக்கில் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பின்வீட்டு மலர்விழி மட்டும் வந்தாள். அவளும், "எதுக்குக்கா வம்பு, வர்றது வரட்டும்" என்று கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். மக்கள் கெட்டவர்கள் இல்லை சார். கோபப்படுவதற்கு இன்னும் கொஞ்சம் காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மலர்விழியின் மகள் எழில்மதிக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோவில் இன்டர்வியூ வைத்திருந்தது. காலையில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். கெட்டிக்காரப் பெண். அவள் தடுமாறாமல் பதில் சொல்வது என் கொல்லை வரை கேட்டது. அவர்கள் வீட்டு இன்டர்நெட் ஒயர் என் வீட்டுப் பின்சுவர் மேல்தான் போனது. செம்பருத்தி நறுக்குகிற கத்தரிக்கோல் கையில் இருந்தது. நறுக்கினேன்.

அழுதுகொண்டே ஓடிவந்தவளை நான்தான் அணைத்துக்கொண்டேன். "அழாத கண்ணு, இதைச் சும்மா விடக் கூடாது" என்றேன். சாயங்காலம் மொத்த பிளாக்கும் கருணாகரன் கடை வாசலில் நின்றது.

"யாரோ வெட்டி வுட்டுருக்காங்கங்க, நீங்களே வந்து பாருங்க" என்று கெஞ்சினார். நம்ப ஆளில்லை. எல்லோரும் சேர்ந்து அவருடைய இணைப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டுச் சேத்தியாத்தோப்பில் மச்சானுடைய உரக்கடைக்குப் போய்விட்டார். மக்கள் சக்தி என்றால் அதுதான்.

புதிதாக ஒரு கம்பெனி வந்தது. உள்ளூரில் பொறுப்பான ஆள் வேண்டும் என்றார்கள். என்னைத் தவிர யாரும் எனக்குத் தோன்றவில்லை. இணைப்புப் பெட்டியை எங்கள் ஹாலிலேயே வைத்துக்கொண்டேன். என்னைப் பற்றிக் குறை பேசுகிறவர்கள் வீட்டில் நெட் கொஞ்சம் தள்ளாடும். அது தானாக நடக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வெங்கடேஷ் என்பவர் வேறொரு இணைப்போடு வந்தார். போட்டி நல்லதுதான் சார், நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் அவருடைய ஒயரும் அதே சுவரில்தான் போனது. கம்பத்தில் கேமரா வைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் காட்டும் படத்தில் இருப்பது நான்தான். கருணாகரனுடையதை வெட்டியதும் நான்தான்.

எழில்மதியை நினைத்து முகம் சுளிக்கிறீர்கள். அவளை நான் கைவிட்டுவிடவில்லை. இப்போது என் ஹாலில் உட்கார்ந்து, நெட் வரவில்லை என்று போன் செய்கிறவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறாள். அன்றைக்கு நான் மட்டும் அந்தக் கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை கிடைத்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.