அற்புதம் வாக்களிக்காத எங்கள் வைத்தியருக்கு

கனிவே உருவான கைராசிக்காரரே! நாடி பிடிக்கும் முன்னே நாற்காலி இழுத்துப் போடும் நல்லவரே! இந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்கை ஒட்டிய ஒற்றை அறையில், இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயுர்வேதம் பார்த்து இன்று ஓய்வுபெறும் எங்கள் வைத்தியர் அம்மா! வணக்கம்.

பசி எப்படி, தூக்கம் எப்படி, வயிறு எப்படி என்று தாங்கள் கேட்கக் கேட்க, வாய் திறவாதவர்களும் மனம் திறந்தார்கள். வாதம், பித்தம், கபம் என வகுத்துப் பார்த்த தாங்கள், புற்றுநோய் நிபுணரைக் கேளாமல் ஒரு பொட்டலம் சூரணமும் தந்ததில்லை. அவர் அறைக்கு மாடியேறி இறங்கியே தங்கள் முழங்கால் தேய்ந்தது.

தையல்கடை அக்காவை மறப்போமா! மார்பில் கட்டியோடு வந்தவர், "கத்தி வேணாம்மா, கஷாயம் குடுங்க, போதும்" என்று அழுதார்.

"எங்க நூல்ல இந்த மாதிரிக் கட்டிக்கு அர்புதம்னு பேரு. அதுக்காகக் கஷாயத்துல அற்புதம் நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இப்பவே அறுத்தா பொழைக்க வழியிருக்கு" என்றீர்கள். அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

தாங்கள் விடவில்லை. மறுநாள் மாலை சட்டைத் துணியோடு அவர் கடைக்கே போனீர்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு துணி. மூன்றாவதை நீட்டியபோது அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இத்தனை சட்டை எதுக்கும்மா?"

"சட்டைக்கா வர்றேன்? நாள் போயிக்கிட்டே இருக்கு. பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு."

"நான் கூட வர்றேன்."

சொன்னபடியே அறுவைக்கூட வாசல்வரை அவர் கைபிடித்து நடந்தீர்கள். பின்னர் கீமோ நாள்களில் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீரும் இறங்காமல் தவித்தார். நிபுணரின் ஒப்புதலோடு தாங்கள் தந்த மருந்துநீரில் வாய் கொப்பளித்து, கஞ்சி குடித்து, மெல்லத் தேறினார்.

ஒன்பது ஆண்டுகள் ஓடின. சென்ற மாதம், நோயாளிகள் நிறைந்த கூடத்தில் அந்த அக்கா, "அம்மாவோட கஷாயந்தான் என்னைக் காப்பாத்துச்சு!" என்று உரக்கச் சொன்னார். புன்னகைத்துவிட்டுப் போயிருக்கலாம். தாங்களோ அனைவர் காதிலும் விழத் திருத்தினீர்கள்: "இல்லம்மா. காப்பாத்துனது கத்தியும் கீமோவும். நான் உங்களை ரெண்டு வாய் சாப்பிட வச்சேன், அவ்வளவுதான்."

அறுவை வேண்டாமென்று வாசலில் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், அதைக் கேட்டு, நிபுணரைப் பார்க்க மாடியேறினார்.

நீடு வாழ்க, நோயின்றி வாழ்க என்று வாயளவில் வாழ்த்தி நிறுத்த மாட்டோம். ஊருக்கெல்லாம் பரிசோதனை செய்யச் சொன்ன தாங்கள், தங்களுடையதைத் தள்ளிப்போட்டுவந்ததை அறிவோம். வரும் செவ்வாய், காலை பத்து மணிக்குத் தங்களுக்கு நேரம் குறித்தாயிற்று. சாக்குச் சொல்லாமல் வந்துசேருங்கள்!

தங்களிடம் திட்டும் தெம்பும் ஒருசேரப் பெற்ற,
கீழ்த்தள, மேல்தள ஊழியர்கள்