ரத மேளாவில் ஒரு டம்டம் வண்டி

பாகீரதி: வேண்டாம்னா, வேண்டாம். அந்த மண் பொம்மையை இருந்த எடத்துலேயே வெச்சுடுங்கோ.

மஹாதேவன்: ஏண்டி? எவ்வளவு அழகா இருக்கு பாரு... ராதை, கிருஷ்ணன், பின்னாடி ஒரு பசுமாடு வேற.

பாகீரதி: அழகுதான், யார் இல்லேன்னா? அதை வெச்சுண்டு நம்ம விஜி என்ன பண்ணுவா? ஜன்னல்ல வரிசையா நிறுத்திட்டு எதிர்ல சப்பணங்கட்டி உட்கார்ந்துடுவா. உட்கார்ந்ததெல்லாம் போறும். ரெண்டு மாசமா குழந்தை வேறென்ன பண்ணினா?

மஹாதேவன்: சரி, சரி... கோச்சுக்காதே. பம்பரம்?

பாகீரதி: அது நின்ன எடத்துல சுத்தும். இவளும் நின்ன எடத்துலேயே நின்னு பார்ப்பா.

மஹாதேவன்: ஊதல்?

பாகீரதி: உட்கார்ந்துண்டே ஊதலாம். நமக்குக் காது போறதுதான் மிச்சம்.

மஹாதேவன்: அப்போ... ஸ்கிப்பிங் கயிறு? கார்டன் ரீச்ல எங்க துரையோட பொண்ணு பங்களா வாசல்ல குதிச்சிண்டே இருப்பா, பார்த்திருக்கேன். நல்ல வியாயாமம்...

பாகீரதி: துரை பொண்ணு கால் டைபாய்டுல படுத்து எழுந்த காலா? நம்மாத்துக் குழந்தை நேத்திக்குத்தான் செவுத்தைப் பிடிக்காம நாலு அடி வெச்சிருக்கா. அவளைப் போய்க் குதிக்கச் சொல்றேளே!

மஹாதேவன்: அஞ்சு அடி.

பாகீரதி: நாலுதான்.

மஹாதேவன்: அஞ்சுடி. அஞ்சாவது அடியிலதானே என் மேல வந்து விழுந்தா...

பாகீரதி: ...ஆமாம். அதையும் சேர்த்துக்கலாம்.

மஹாதேவன்: அப்படிச் சொல்லு.

பாகீரதி: டாக்டர் பாபு என்ன சொன்னார்? "இனிமே மருந்து என் பாட்டில்ல இல்லேம்மா. வெளியில விடு, வெயில் படட்டும், ஓடட்டும்"னார். இந்த மழைக்காலம் போறதுக்குள்ள நன்னா நடக்கலேன்னா கால் சூம்பிப் போயிடும்னாரே...

மஹாதேவன்: நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சை எடுக்காதே. ஜகந்நாதர் தேர்ல போயிண்டிருக்கார்.

பாகீரதி: எடுக்கலே. ஆனா அவளை எழுந்து ஓட வெக்கற சாமானா ஒண்ணு வாங்காம நான் இந்த மேளாவை விட்டு வரமாட்டேன். ...அதோ! அங்கே பாருங்கோ!

மஹாதேவன்: எது? அந்தச் சக்கரம் வெச்ச சட்டியா?

பாகீரதி: சட்டியாம்! அது டம்டம் வண்டின்னா. சின்ன மண் கிண்ணத்து வாயில காகிதம் ஒட்டி, கொட்டு மாதிரி பண்ணியிருக்கா. கயித்தைப் பிடிச்சு இழுத்துண்டு போனா சக்கரம் சுத்தும், மேலே ரெண்டு குச்சி டம்டம்னு அடிக்கும். நடந்தாத்தான் சத்தம். நின்னா அதுவும் வாயை மூடிக்கும்.

மஹாதேவன்: இதெல்லாம் மூணு வயசுக் குழந்தைக்குடி. நம்ம விஜிக்கு அஞ்சு முடியப்போறது.

பாகீரதி: விஜிக்கு அஞ்சு. அவ காலுக்கு? அது நேத்திக்குத்தானே பொறந்திருக்கு!

மஹாதேவன்: ...அதுவும் வாஸ்தவம்தான். எங்கே, கொடு. நான் இழுத்துப் பார்க்கறேன்.

பாகீரதி: நீங்களா? பஞ்சகச்சமும் கோட்டுமா? நாலு பேர் சிரிப்பா!

மஹாதேவன்: ஹெட் கிளார்க்குன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? நகரு... டம்... டம்... டம்... பேஷ்! ஏண்டி, வேகமா போனா வேகமா அடிக்கறதுடி!

பாகீரதி: ஐயோ, போறும்... அங்கே ஒரு வங்காளி பாபு நின்னு வேடிக்கை பார்க்கறார்... திரும்பி வாங்கோ!

மஹாதேவன்: வளைச்சாக்கூட கவிழலே. நல்ல சாமான்.

பாகீரதி: மூச்சு வாங்கறது பாருங்கோ. உங்களுக்கும் டாக்டர் இதையே எழுதிக் கொடுத்திருக்கலாம். ...தாதா, துடோ தாவ்!

மஹாதேவன்: கடைக்காரன்கிட்ட துடோன்னா கேட்டே? ரெண்டு எதுக்குடி?

பாகீரதி: எதிராத்து பீணாவுக்கு ஒண்ணு வேண்டாமா? ஒண்ணு வாங்கினா சண்டை வரும். ரெண்டு வாங்கினா பந்தயம் வரும். பீணா ஓடறதைப் பார்த்து இவளுக்கும் கால் துறுதுறுக்கும்.

மஹாதேவன்: தாராளமா வாங்கு. அவா ஆத்துக்கு நாம எவ்வளவு பண்ணினாலும் தகும்.

பாகீரதி: ...நிஜமாத்தான் சொல்றேளா?

மஹாதேவன்: பின்னே? நம்மவா எத்தனை பேர் இருக்கா இந்தக் கிதிர்பூர்ல? ஜுரம்னு கேட்டதும் வாசல்லேயே நின்னு விசாரிச்சுட்டு, எல்லாரும் அப்படியே திரும்பிப் போனாளே. பீணாவோட அம்மா, நிஸ்தாரிணி தீதிதானே உள்ளே வந்தா?

பாகீரதி: என் கூடப் பொறந்த அக்காகூட அப்படிச் செய்யமாட்டா. நெத்தியில ஈரத்துணி போட்டது யாரு? நாத்தத்துணி அலசினது யாரு? நான் தூங்கி விழுந்தப்பல்லாம் குழந்தையைத் தன் மடியில மாத்திப் போட்டுண்டது யாரு? போன ஜன்மத்துல என்ன புண்ணியம் பண்ணினேனோ, எதிராத்துல அவ வந்து வாய்ச்சா.

மஹாதேவன்: அவ புருஷரும் அப்படித்தான். வார்த்தை கம்மி. மனசு பெரிசு... அட, மழை வந்துடுத்தே!

பாகீரதி: வண்டி, வண்டி! காகிதம் நனைஞ்சா போச்சு! கொண்டாங்கோ, முந்தானைக்குள்ள வெச்சுக்கறேன்...

மஹாதேவன்: இப்படி வா, இந்தத் தார்ப்பாய்க்கு அடியில. பொரிக்கடைக்காரன் ஒண்ணும் சொல்லமாட்டான்.

பாகீரதி: தேர் இழுக்கற அன்னிக்கு மழை பெய்யாம இருக்காதுன்னு தீதி சொன்னா. வாய் முகூர்த்தம்.

மஹாதேவன்: குழந்தை நம்மளைத் தேடுவாளோ? நாழியாச்சே. பசிக்கும்.

பாகீரதி: அதெல்லாம் தீதி பார்த்துப்பா.

மஹாதேவன்: என்ன கொடுப்பா?

பாகீரதி: என்ன கொடுப்பான்னா...? பொரி கொடுப்பா... பால் கொடுப்பா... எதுக்குக் கேக்கறேள்?

மஹாதேவன்: சும்மாத்தான் கேட்டேன். உனக்கேன் மூஞ்சி இப்படி வெளுக்கறது?

பாகீரதி: ஒண்ணுமில்லே. சாரல் அடிக்கறது.

மஹாதேவன்: இந்தப் பக்கமா சாரலே இல்லையேடி.

பாகீரதி: ...ஏன்னா.

மஹாதேவன்: ம்?

பாகீரதி: விஜி எப்பவும் போல தீதி ஆத்துக்குப் போய் விளையாடலாம்தானே? நம்மாத்துல ஒரு முற்றம்கூட இல்லே. அவா வேப்பமரத்தடிதான் அவளுக்கு மைதானம். அதை... அதை மட்டும் நிறுத்திடமாட்டேளே?

மஹாதேவன்: அசடே, யார் நிறுத்தப்போறா?

பாகீரதி: ஒண்ணு சொன்னா நீங்களே நிறுத்துவேள். சொல்லாம இருந்துடலாம்னு பார்த்தேன். முடியலே. தினம் உங்க மூஞ்சியைப் பார்க்காமலே சாதம் போட்டுண்டிருக்கேன்.

மஹாதேவன்: என்னடி பீடிகை போடறே? சொல்லு.

பாகீரதி: ஜுரம் விட்டப்புறம் குழந்தை கஞ்சியைக்கூட வாந்தி எடுத்துண்டு, குச்சி மாதிரி கிடந்தாளே... அன்னிக்கு டாக்டர் பாபு சொன்னது ஞாபகம் இருக்கா?

மஹாதேவன்: ...இருக்கு.

பாகீரதி: "இந்த ஊர்ல சீக்காளிக்கெல்லாம் சிங்கி மீன் சாறுதான் கொடுப்போம். அது இறங்கினா குழந்தை பிழைக்கும். இல்லேன்னா எனக்கு வழி தெரியலே"ன்னார். நீங்க...

மஹாதேவன்: கத்தினேன்.

பாகீரதி: "பிராமணன் ஆத்து வாசப்படியில நின்னுண்டு மீன்கிற பேச்சா?"ன்னு கத்தினேள். அவர் பையைத் தூக்கிண்டு போயிட்டார். வாசல்ல நின்ன நம்மவா எல்லாரும் தலையை ஆட்டினா. நான் மட்டும் குழந்தை மூஞ்சியைப் பார்த்தேன்.

மஹாதேவன்: மேலே சொல்லு.

பாகீரதி: மறுநாள் நீங்க ஆபீஸ் போனதும் தீதி காலைப் பிடிச்சுண்டு அழுதேன். அப்புறம் தினம் மத்தியானம் விஜியை அங்கே தூக்கிண்டு போவேன். வாழைக்காய் போட்டு, மிளகு போட்டு, தெளிவா ஒரு சாறு... தீதி மடியில வெச்சுண்டு ஸ்பூன் ஸ்பூனா கொடுப்பா. மொதல் நாள் நான் மூக்கைப் பொத்திண்டு செவுத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மஹாதேவன்: அப்புறம்?

பாகீரதி: ரெண்டாம் நாள் குழந்தை வாயைத் திறந்து "இன்னும்"னா. பத்து நாளைக்கு அப்புறம் மொதல் தடவையா வேணும்னு கேட்டா. அதைக் கேட்டப்புறம் மூக்கை எதுக்குப் பொத்தணும்? வாந்தி நின்னுது. கண்ணு தெளிஞ்சுது. நீங்க ஊர்லேர்ந்து வந்த லேகியம்தான் காப்பாத்தித்துன்னு ஆபீஸ் பூரா சொன்னேள். நான் வைத்தீஸ்வரனுக்குக் காசு முடிஞ்சு வெச்சேனே, அதுதான்னேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன்னா. கிட்டத்தட்ட ஒரு மாசம்...

மஹாதேவன்: இருபத்திரெண்டு நாள்.

பாகீரதி: என்னை என்ன வேணா திட்டுங்கோ. பிராயச்சித்தம் பண்ணணும்னா பண்ணிக்கறேன். தீதியை மட்டும் ஒரு வார்த்தை சொல்லப்படாது. அவளே கஷ்டப்படற குடும்பம், தினம் உசிர் மீன் எங்கேர்ந்துதான் வாங்கினாளோ! கேட்டா, "ஜகந்நாதர் அனுப்பறார்"னு சிரிப்பா... இருங்கோ. இருபத்திரெண்டுன்னா சொன்னேள்?

மஹாதேவன்: ஆமாம்.

பாகீரதி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மஹாதேவன்: ஜகந்நாதர்னா சொன்னா? கெட்டிக்காரி...

பாகீரதி: ஏன் சிரிக்கறேள்? இல்லே... அழறேளா? ஏன்னா! எனக்கு பயமா இருக்கு. வாயைத் திறந்து சொல்லுங்கோ, எப்படித் தெரியும்?

மஹாதேவன்: வாசல்ல நாலு பேர் நின்னா, வாய் கத்தித்து. அன்னிக்குச் சாயங்காலமே அவா புழக்கடைப் பக்கமா போய், "பாகீரதிக்குத் தெரிஞ்சா உசிரை விட்டுடுவா, அவளுக்குத் தெரியாம என் குழந்தைக்குக் கொடுங்கோ"ன்னு தீதியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கங்கா ஸ்நானம்னு கார்த்தால தினம் தூக்குப் பாத்திரத்தோட கிளம்பினேனே... அந்த மீனை வாங்கிண்டு வந்து கொடுத்ததே நான்தாண்டி.