லூர்மோன் ஏத்தத்துக்கு ரெண்டாம் தரமா?

ஹலோ... ஹலோ! சைக்கிள் பந்தய ஆபீஸா? ... வழி போடற பெரோன் ஐயாதானே? ... நான் ஓதில் பேசறேன், லூர்மோன் கணவாய் உச்சியில சாப்பாட்டுக் கடை... ஆமா ஆமா, போன வாரம் முட்டைக்கோஸ் சூப்பை ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சீங்களே, அதே கடை. ... நல்லாருந்துச்சா? சந்தோஷம். குடிச்சிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே!

... பின்ன என்னங்க? பேப்பரைப் பிரிச்சா எங்க ஏத்தத்துக்கு ரெண்டாம் தரம்னு போட்டிருக்கு! ... நாலாம் தரம்னா சும்மா மேடு, ஒண்ணுன்னா ஏறறதுக்குள்ள உயிர் போயிடும், அது தெரியாதவளா நான்? எதுத்த பெஸ்கார் மலைக்கு மட்டும் ஒண்ணாமே! அங்க கடை வச்சிருக்கறது என் நாத்தனாருங்க. காலையிலயே போன் போட்டுச் சிரிக்கிறா. நான் வேற 'முதல் தர ஏற்றம்'னு வாசல்ல போர்டு மாட்டித் தொலைச்சிட்டேன்...

... ம்... நீளம்... சரிவு... சரி... என்னது? சாயங்காலம் பந்தயம் முடியற எடத்துக்குக் கிட்ட இருந்தா தரம் கூடுமா? ஏங்க, சாயங்காலம் ஆனா மலை வளருதா?

... அந்தக் காலத்துல ஒரு பழைய காரை ஏத்திப் பாப்பாங்களாம், எந்த கியர்ல ஏறுதோ அதான் தரமாம். ... கட்டுக்கதையா? இருந்துட்டுப் போவுது. போனை ஜன்னல்கிட்ட பிடிக்கிறேன், கேளுங்க... கேட்டுச்சா? பால் லாரி. முதல் கியர்ல எப்படி முக்குது பாருங்க!

... லாரி பழசு இல்லீங்க! இங்க ஆம்புலன்ஸே பாதியில நின்னுடும். நோயாளி எறங்கித் தள்ளணும்! ... ஆமா, ஆமா, சத்தியமா! ... எழுதிக்கிறீங்களா? அப்படி வாங்க வழிக்கு. எழுதுங்க, எழுதுங்க...

... என்ன? ... ஆம்புலன்ஸ் ஏறாத வழியில பந்தயம் விடக் கூடாதா? ... அப்ப எங்க மலையை விட்டுட்டு, பெஸ்காரோட நிறுத்திக்கிறீங்களா? அவ கடை வாசல்லயா? ஐயையோ, இருங்க, எழுதாதீங்க!

... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க! ஆம்புலன்ஸ் பறந்து வரும்! எங்க பாதிரியாரே அந்தத் தொப்பையோட சைக்கிள்ல பாடிக்கிட்டு ஏறுவாருங்க. ரெண்டே இருக்கட்டும்... மூணு... சரி, நாலு போடுங்க! மேடே இல்லன்னு வேணா போட்டுக்குங்க!

... ம்? இன்னும் முக்கற சத்தம் கேக்குதா? ... லாரியா? சேச்சே, லாரி எப்பவோ போயிடுச்சுங்க. அது... அது என் வீட்டுக்காரர் குறட்டை...

ஹலோ? ... ஐயா? ... ஹலோ!