மூணாம் மாடி சில்வேராவும் அஞ்சு கடிதமும்

— காலை மடக்கிக்குங்க சில்வேரா. படி திரும்புது.

— இடிச்சியோ தொலைஞ்சே. வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்கு என்னைத் தீவன மூட்டை மாதிரி இறக்குறீங்க.

— நான் எப்ப இடிச்சிருக்கேன்?

— நீ இடிச்சதில்ல டஸ்டின். உனக்கு முன்னாடி வந்த பதினோரு பேரும் இடிச்சானுங்க. தூக்கக் கத்துக்கிட்டதும் தீயணைப்பு வேலை கிடைச்சுதுன்னு ஓடிட்டானுங்க. ஆம்புலன்ஸ் என்ன, பஸ் ஸ்டாப்பா?

— இங்க ரெண்டு வருஷம் தள்ளுனாத்தான் அங்க கதவே திறப்பாங்க.

— அங்க மட்டும் என்ன கிழிக்கிறானுங்க? போன மாசம் நான் மயங்கி விழுந்தப்ப தீயணைப்பு வண்டிதான் வந்துச்சு. நாலு பேரு, ஏணி, கோடாலி. இதே கிழவன்தான், வண்டி மட்டும் பெருசு.

— பேசிக்கிட்டே நிக்காதீங்கப்பா. கனமெல்லாம் கால் பக்கம் என் மேல வருது.

— இறங்கு ரோண்டா, இறங்கு.

— நீ ஏன்டா டஸ்டின் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?

— வேலை கிடைச்சிருச்சு. தீயணைப்புல. திங்கட்கிழமை சேரணும்.

— எனக்கே காது குத்தறியா? நாலு தடவை போய் நாலு தடவையும் தோத்தவன் நீ.

— அஞ்சாவது தடவை எடுத்துட்டாங்க. உங்க கடிதத்தைப் படிச்சு அதிகாரி மூக்கைச் சிந்துனாராம். "முட்டை உடையாம படியிறங்குற பையன்"னு எழுதியிருந்தீங்களாம்.

— எழுதினேன். வயித்தெரிச்சலோடதான் எழுதினேன்.

— ஏன் எழுதினீங்க?

— நாலாவது தடவை தோத்துட்டு நீ அழுத கண்ணோட என்னைத் தூக்குனே. அன்னைக்கு எனக்கு சூப்பு இறங்கல. கேளு, சொல்லிடறேன். முன்னாடி நாலு தடவையும் உன் மேல புகார்க் கடிதம் எழுதினது நான்தான். முதல் கடிதத்துல, ஆக்சிஜன் பக்கத்துல சுருட்டு பத்த வைக்கிறான்னு எழுதினேன். ரெண்டாவதுல என் பூனையைத் திருடிட்டான்னு.

— உங்ககிட்ட பூனையே இல்லையே.

— அதனாலதான் திருட்டுன்னு நம்பினாங்க. நீ போயிட்டா பதிமூணாவதா ஒருத்தன் வந்து இடிப்பான். என் இடுப்பு இன்னொருத்தனைத் தாங்காது. திட்டுடா, வாங்கிக்கறேன்.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நாலும் தெரியும். தபால்காரனை நம்ப மாட்டேன்னு எங்கிட்டதானே கொடுத்தீங்க? "இன்சூரன்ஸ் கடிதம், போட்டுடு"ன்னு சொன்னீங்க. உறை மேல கொட்டை எழுத்துல "தீயணைப்பு நிலையம்"னு இருந்துச்சு.

— பிரிச்சுப் படிச்சியா?

— ஆவியில காட்டிப் பிரிச்சு, படிச்சு, திரும்ப ஒட்டினேன். மூணாவதுல எழுத்துப்பிழை இருந்துச்சு, திருத்திப் போட்டேன்.

— பைத்தியக்காரா! படிச்சுட்டுமா பெட்டியில போட்டே?

— படிச்சதாலதான் போட்டேன். எங்க தாத்தா, அப்பா, அக்கா, மூணு பேரும் தீயணைப்புல. விண்ணப்பம் போடலேன்னா எனக்கு வீட்டுல சாப்பாட்டு மேசையில இடம் கிடையாது. ஆனா மெழுகுவத்தி பத்த வச்சாலே நான் வாசலுக்கு ஓடிடுவேன். பிறந்தநாளுக்கு என் கேக்கை அக்காதான் ஊதுவா.

— அப்ப அன்னைக்கு அழுதது?

— தப்பிச்சோம்னு சந்தோஷத்துல. அஞ்சாவதை மட்டும் யார்கிட்டய்யா கொடுத்தீங்க?

— டயாலிசிஸ் நர்ஸம்மாகிட்ட. நல்லதா எழுதினதை உன் கையில கொடுக்கக் கூச்சமா இருந்துச்சு.

— கடைசிப் படி. ஆளை வண்டியில ஏத்தலாமா?

— ஏத்தாதே ரோண்டா. டஸ்டின், தலைப்பக்கம் பிடி. தூக்குங்க மேல. ஆறாவது எழுதணும், பேனா மூணாம் மாடியில இருக்கு.