கணினியில் அடைத்த மூடிகள்

பெயர்: சுமங்களா ஹிரேமட். வயது: 34. தகப்பனார் பெயர்: சென்னபசய்யா. தொழில்: தனியார் நிறுவனத்தில் வெள்ளக் கணிப்புப் பொறியாளர். விலாசம்: ஹொசகெரே லேஅவுட், பெங்களூரு.

மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. சமுதாயக் கூடத்துக் காவலாளி ஹொன்னூரப்பாவைக் கைது செய்த செய்தியைப் பார்த்துவிட்டு நானாகவே நிலையத்துக்கு வந்தேன்.

மழை பெய்தால் எந்தத் தெரு முழுகும் என்று கணினியில் கணித்து வரைபடம் தருவது என் வேலை. தரைமேல் ஓடும் தண்ணீருக்கு ஒரு கணக்கு, வடிகால் குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கு ஒரு கணக்கு. இரண்டையும் சாக்கடை மூடிகளின் வழியாக இணைக்க வேண்டும். குழாய் நிரம்பினால் தண்ணீர் மூடி வழியாக மேலே ஏறவும் கணக்கில் வழி இருக்க வேண்டும். அப்படி இணைத்தபோது கணக்கு பாதியில் நின்றுகொண்டே இருந்தது. அதன் பிறகு என் மேலாளர் திப்பேஸ்வாமி திரையைப் பார்த்து, "என்னம்மா இது, கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி மூடிக்கு மூடி பீச்சுது! அடைச்சு விடு, நாளைக்கு மாநகராட்சிக்குக் காட்டணும்" என்றார். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். சமுதாயக் கூடத்து முற்றத்து மூடி உட்பட, கூடம் இருக்கும் தெருவின் மூடிகளையெல்லாம் கணினியில் அடைத்தேன். கணக்கு ஓடி முடிந்தது. கூடம் இருக்கும் இடம் நனையாத இடமாக வந்தது. பிறகு திறந்து சரிபார்க்கலாம் என்றிருந்தேன். மறந்துபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன் பிறகு கனமழை எச்சரிக்கை வரவே, அந்த வரைபடத்தை நம்பி ஏரிக்கரைக் குடிசைக்காரர்களைக் கூடத்துக்கு மாற்றினார்கள். அன்று மதியம் ஹொன்னூரப்பா எனக்குப் போன் செய்தார். அளவெடுக்கப் போனபோது நான்தான் அவருக்கு என் எண்ணைக் கொடுத்திருந்தேன்.

"மேடம், வாசல் வழியா ஒரு சொட்டு வரல. முத்தத்து மூடியைத் தள்ளிக்கிட்டு உள்ளேருந்து வருது. எல்லாரையும் ரோட்டுக்கு விட்டுடவா?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். "அங்க வராதுண்ணா, மழைத்தண்ணி தேங்கியிருக்கும். ரோட்லதான் ஆபத்து. கேட்டைப் பூட்டுங்க, யாரையும் விடாதீங்க" என்றேன்.

அப்போது பின்னால் போண்டா வண்டி சரணம்மாவின் குரல் கேட்டது. "டேய் ஹொன்னூரா, என் அடுப்பு நனையுதுடா, தொறடா!" அவரும் ஏரிக்கரையிலிருந்து கூடத்துக்கு வந்தவர்தான்; அவர் கடையில் நான் தினமும் சாப்பிடுகிறவள். "அவங்க எப்பவுமே கத்துவாங்க" என்று சொல்லிச் சிரித்தேன்.

போனை வைத்த பிறகுதான் மூடிகளை அடைத்தது நினைவுக்கு வந்தது. உடனே திரும்ப அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்குள் சுற்றுச்சுவருக்குள் தண்ணீர் ஏறி, உள்பக்கமாகத் திறக்கும் கேட் அசையவில்லை. ஹொன்னூரப்பா ஒவ்வொருவராகச் சுவர் மேல் ஏற்றிவிட்டிருக்கிறார். முழங்கால் மடங்காத சரணம்மாவை ஏற்ற முடியவில்லை. அவர் அங்கேயே இறந்துபோனார்.

இன்ஸ்பெக்டர் என்னிடம், "அவன் உங்க பேரையே சொல்லலையேம்மா. 'பூட்டினது என் கைதானே சார்'னு மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்றான்" என்றார். அது எனக்கு இப்போதுதான் தெரியும். பூட்டச் சொன்னது நான்.

எழுத்தர் இதைப் படித்துக் காட்டினார். "காவலாளியின் கவனக்குறைவால்" என்று அவர் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார். மற்றவை எல்லாம் நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(ஒப்பம்) சுமங்களா ஹிரேமட்